அறுபடும் இசை

கணிப்பொறி வாயிலாகத் தமிழகத்து ஆசிரியரிடம் இசை பயிலும் பிள்ளைகள் நம்மிடையே உளர். பாட்டு இடையிடையே அறுபடின் சுருதியும் தாளமும் எங்ஙனம் மனத்திற் பதியும்?

லினக்ஸ் கணிப்பொறியுடைய அன்பர்கள், புதியது வாங்குமுன், அதிற் சேமித்துள்ள பாடலொன்றை ஒலிக்கச் செய்க. அது தடையின்றி ஒலிப்பின், குறை பெரும்பாலும் இணையத் தொடர்பினதே. அதுவும் அறுபடின், இடைத்தேக்கத்தை நோக்குக. நொடிக்கு 48,000 துணுக்குகளாக ஒலி செல்லுங்கால், 256 துணுக்குகள் கொண்ட தேக்கம் ஏறத்தாழ 5 மில்லிநொடியில் வற்றிவிடும். அதற்குள் கணிப்பொறி அதனை நிரப்பாவிடில் ஒலி அறும். பைப்வயர் அமைப்பில் 'குவாண்டம்' எனப்படும் இவ்வெண்ணை 1024 ஆக உயர்த்தின், 21 மில்லிநொடி அவகாசம் கிட்டும். குரல் சிறிதே தாமதிக்கும், அறுபடுதல் குறையும். செலவில்லாத இம்முயற்சியை முதலிற் செய்வோமாக.