ஜல்லியாகும் முன் வயது கேளுங்கள்

டைனோசர்களின் அழிவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோர் பார்வையும் மகாபலேஷ்வர், கண்டாலா பக்கம்தான் போகிறது. காரணம் உண்டு: சஹ்யாத்ரியை எழுப்பிய எரிமலைக் குழம்பில் பெரும்பகுதி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் வழிந்தது. ஆனால் மும்பையின் மனோரி, சாக்கி நாக்கா, டோங்ரி பாறைகளின் வயது 6.3 கோடிக்கும் 6 கோடிக்கும் இடையே. டைனோசர்கள் போய் முப்பது லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகும் இங்கே பூமி கொதித்திருக்கிறது. செஷல்ஸ் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலமும் அதுவே. எரிமலைப் படிவுகளுக்கு இடைப்பட்ட வொர்லியின் வண்டல் கல்லில், எலும்பு கலையாத சின்னஞ்சிறு தவளைகள் அகப்பட்டன; ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே சதுப்பு நிலம் உருவாகிற அளவுக்கு அவகாசம் இருந்திருக்கிறது.

இந்த வயதுக் கணக்குக்கும் மும்பை டிராம்பேயின் அணு உலைகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கல்லிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு துளி, கதிரியக்கத்தால் ஆர்கான் வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். அதை அளக்க, கல்துணுக்கை அலுமினியக் குப்பியில் அடைத்து அணு உலையில் நியூட்ரான் படவைக்கிறார்கள். தக்காணக் கற்கள் பலவும் டிராம்பே உலைகளுக்குப் போய் வந்தவை. பிறகு படிப்படியாகச் சூடேற்றி வாயுவை வெளியேற்றும்போது ஒவ்வொரு படியிலும் ஒரே வயது வந்தால் நம்பலாம். நீர் ஊறி உருமாறிய கல்லில் கணக்கு தாறுமாறாகும், கடலோர மும்பையில் அத்தகைய கல்லே அதிகம். வேதியியலும் சேர்ந்தால்தான் சித்திரம் முழுமையாகும். மேலேறும் குழம்பு வழியிலுள்ள பழம்பாறையைக் கரைத்துக்கொண்டால் குழம்பின் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்பு விகிதம் உயரும். சஹ்யாத்ரியில் புஷே அடுக்கு அப்படிப்பட்டது, அம்பேனளி அடுக்கு பெரிதும் கலப்பற்றது. மும்பையின் சிலிக்கா மிகுந்த ரயோலைட் எப்படி உருவானது என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

இதற்கான விடை குன்றுகளின் கல்லில்தான் இருக்கிறது; எனவேதான் அவற்றை ஜல்லியாக்கும் கல்குவாரிகள் கவலை தருகின்றன. தக்காணக் கருங்கல் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்க, ஒரு குன்று போனால் என்ன என்கிறார்கள். பரப்பைக் காட்டி இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. பிற்கால எரிமலைப் பாறைகளான ரயோலைட்டும் டிராக்கைட்டும் கொண்ட இடங்கள் மிகக் குறைவு, ஒரு குன்றின் வயதை அடுத்த குன்றின் மேல் ஏற்றவும் முடியாது. நகரத்துக்கு ஜல்லி வேண்டும் என்பதும் உண்மை. குவாரி வெட்டாவிட்டால் நீர் ஊறாத உள்பாறை கண்ணில் படாதே என்ற வாதத்துக்கு வலு அதிகம், அதை ஏற்கிறேன். ஆனால் வெட்டுமுகம் நிற்கிறவரைதான் அது பயன். குன்றே தரைமட்டமானால் அடுக்குகளின் வரிசையும் சேர்ந்து போய்விடும். வெடிவைக்கும் முன் ஒவ்வொரு அடுக்கிலும் மாதிரி எடுத்து இடமும் திசையும் குறித்து வைப்பதும், ஒரு முகத்தை வெட்டாமல் விடுவதும் குத்தகையின் நிபந்தனையாக வேண்டும்.