கதிரியக்க அயோடினை யார் கொடுக்கலாம்?

தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் சிலருக்கு அயோடின்-131 மாத்திரை கொடுக்கப்படுகிறது. விழுங்கிய மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே இங்கு அமெரிக்காவில் எல்லா மருத்துவர்களுக்கும் இதைக் கொடுக்க அனுமதி இல்லை.

அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி, வாய்வழி அயோடின் மட்டும் கொடுக்க 80 மணி நேர வகுப்பு மற்றும் ஆய்வகப் பயிற்சியும், மேற்பார்வையில் குறைந்தது 3 நோயாளிகளுக்குக் கொடுத்த அனுபவமும் வேண்டும். மற்ற கதிரியக்க மருந்துகளுக்கும் சேர்த்து முழுத் தகுதி பெற 700 மணி நேரப் பயிற்சி தேவை. இத்தகுதி உடையவரை 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்பார்கள். மருந்தின் அளவை எழுதி அவர் கையெழுத்திட்ட பிறகே மாத்திரை உங்கள் கைக்கு வரும்.

எனவே, "கையெழுத்திடும் மருத்துவர் யார்?" என்று தயங்காமல் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, தாய்ப்பால் கொடுத்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தையின் தைராய்டையும் இம்மருந்து பாதிக்கும்.