மாமரத்தடியில் ஒரு சிறு காடு

மாற்றல் உத்தரவோடு பிலாஸ்பூர் வந்து, ஓய்வுக்குப் பின் இங்கேயே வீடு கட்டிக்கொண்ட நம்மவர் பலர். அடியேனும் அவர்களில் ஒருவன். எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு பெரிய மாமரம் உண்டு. அதன் அடியில் 20 அடிக்கு 15 அடி இடத்தில் என்ன வைத்தாலும் பிழைப்பதில்லை. ரோஜா குச்சி குச்சியாக நீண்டதே தவிர மொட்டு விடவில்லை. சாமந்தி ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை.

"என்னங்க, மரத்தை வெட்டிவிட்டால் வெயிலாவது வருமே" என்றாள் என் மனைவி. ஒரு மழைக்காலம் மட்டும் தவணை கேட்டேன்.

என்னிடம் கீமேனாக இருந்த ஒருவர் அமர்கண்டக் பக்கத்துக் காட்டுக் கிராமத்துக்காரர். வந்து பார்த்துச் சிரித்தார். "சாஹிப், சால் மரத்தடியில் ரோஜாவைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே எது வளர்கிறதோ அதை வையுங்கள்" என்றார்.

ரயிலில் போகும்போது நாம் பார்க்கும் சால் காடுகளின் அடியில் ஆண்டுதோறும் தானே முளைக்கும் கிழங்குச் செடிகள் பல. மஞ்சள் இனத்தைச் சேர்ந்த தீகூர். சுருள் படிக்கட்டு போல இலை சுற்றி ஏறி, சிவந்த குலையில் வெள்ளைப் பூ விடும் கேவ்கந்த். தரையோடு மஞ்சள் நட்சத்திரமாகப் பூக்கும் காலி முஸ்லி. கொடியாக ஏறும் சதாவர். பெயர்தான் இந்தி. காலி முஸ்லி நம் நிலப்பனை. சதாவர் நம் தண்ணீர்விட்டான் கிழங்கு.

ஜூனில் நட்டேன். செழித்து வளர்ந்தன. டிசம்பரில் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. செடி வாடுகிறதே என்று பதறி, தினமும் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். மார்ச்சில் தோண்டினால் 12 கிழங்குகளில் 9 அழுகிக் கிடந்தன. மனைவி மரம் வெட்டும் ஆளுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

கீமேன் சொன்ன விளக்கம் எனக்கு வெட்கத்தைத் தந்தது. அவை வாடவில்லை, உறங்கப் போயின. மழைக்காலத்தில் சேர்த்த உணவைக் கிழங்கில் வைத்துக்கொண்டு, குளிரையும் கோடையையும் மண்ணுக்குள் கழிப்பவை அவை. அப்போது தண்ணீர் தேங்கினால் அழுகல்தான். தண்ணீர் தேங்கினால் தண்டவாளப் பாதை கெடும் என்று ஆயுள் முழுவதும் பிறருக்குப் பாடம் சொன்னவன் நான்!

கெஞ்சி இன்னொரு மழைக்காலம் தவணை வாங்கினேன். இம்முறை செய்தது இதுதான். அடிமரத்திலிருந்து 3 அடி விட்டு, வேர்களை வெட்டாமல், இடைவெளிகளில் மட்டும் மண்ணைக் கிளறினேன். நீர் வடிய ஒரு பக்கம் சரிவு கொடுத்தேன். கிழங்குகளை 2 அங்குல ஆழத்தில், ஓரடி இடைவெளியில் வைத்தேன். மட்கிய மாவிலையை மேலே பரப்பினேன். "வாசலைப் பெருக்காத வீடு மாதிரி இருக்கிறது" என்று மனைவி முணுமுணுத்தாள். காட்டில் யார் பெருக்குகிறார்கள்? அந்த இலைதான் அங்கே உரமும் போர்வையும். இலைகள் சாய்ந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டேன்.

அந்த ஜனவரியில், நெருங்கி வளர்ந்த தீகூர்க் கிழங்குகளைக் கொஞ்சம் தோண்டி எடுத்தோம். சீவி, அரைத்து, தண்ணீரில் கலக்கி வடிகட்டி, பலமுறை தெளியவைத்தால் அடியில் வெள்ளை மாவு படியும். இங்கே விரத நாட்களில் அதில் பர்பி செய்கிறார்கள். மாவை விரலால் தொட்டுப் பார்த்த என் மனைவி, நாகர்கோவில்காரி, அப்படியே நின்றுவிட்டாள். "இது கூவை மாவு அல்லவா? அம்மா எனக்கு இதில்தான் கஞ்சி காய்ச்சித் தருவாள்!"

அன்று மாலை பேத்திக்குக் கூவைக் கஞ்சி கிடைத்தது. மரம் வெட்டும் ஆள் மறுபடி வந்தபோது, வாசலிலேயே அவனைத் திருப்பி அனுப்பியவள் அவள்தான்.

அன்பர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். செங்காந்தளும் இதே காட்டுச் செடிதான். நம் மாநில மலர் என்ற ஆசையில் பலர் வைப்பார்கள். அதன் கிழங்கு கொடிய நஞ்சு. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். இரண்டாவது, காட்டிலிருந்து எதையும் பிடுங்கி வராதீர்கள். அச்சானக்மார் 2009 முதல் புலிகள் காப்பகம். அங்கே செடியைத் தொடுவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், ஆளுக்கொரு கிழங்கு தோண்டினால் காடு என்னாவது?

நாற்றுப் பண்ணையில் வாங்குங்கள். அல்லது மே மாதம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஆளுக்கு இரண்டு தீகூர்க் கிழங்கு தருகிறேன். கூடவே ஒரு டம்ளர் கூவைக் கஞ்சியும் உண்டு.