பனையேறும் கலையும் ஏறுவோன் பாதுகாப்பும்



பொழுது புலரும் வேளையில் யாழ்ப்பாணத்து ஒழுங்கையொன்றிலே நடந்து செல்வோர், வேலிக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் பனையின் வட்டிலிருந்து மெல்லிய தட்டொலி எழுவதைக் கேட்டிருப்பர். சீவல் தொழிலாளி பாளையைத் தட்டிப் பதப்படுத்தும் ஓசை அது. அவ்வொலியைக் கேட்கும் நாம் தலை நிமிர்ந்து பார்ப்பது அரிது. ஐம்பது அடி உயரத்தில் ஒரு கை மட்டையைப் பற்ற, மறுகை கத்தியைப் பிடிக்க நிற்கும் அம்மனிதன் எவ்வாறு அங்கே சென்றான், எதன் பலத்தால் நிற்கிறான் என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

பனை கிளையில்லாத மரம். மாவிலும் பலாவிலும் ஏறுபவனுக்குக் கால் வைக்கக் கவர் உண்டு. பனையில் அது இல்லை. நன்கு முற்றிய பனை 100 அடி வரையும் வளரக்கூடும். இத்தகைய மரத்தில் ஏறுவதற்கு நம் முன்னோர் கண்ட கருவி மிக எளியது. அதுவே தளைநார். பனை மட்டையில் உரித்த நார் போன்றவற்றை முறுக்கி வளையமாகக் கட்டி, இரு பாதங்களிலும் மாட்டிக்கொள்வர். இதனால் பாதங்கள் ஒரு குறித்த அளவுக்கு மேல் விலகா. உடலின் பாரம் கீழ்நோக்கி அழுத்த அழுத்த, தளைநார் இறுகி, உள்ளங்கால்களை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கிறது. விழச் செய்ய வேண்டிய பாரமே விழாமற் காக்கும் பிடியாக மாறுகிறது. இயற்கைப் பொருளியல் படியாத மனிதர் உராய்வு விசையை இவ்வளவு செம்மையாகப் பயன்படுத்தியமை வியப்புக்குரியதன்றோ!

ஏறும் முறையும் அதற்கேற்றதே. முதலில் இரு கைகளாலும் மரத்தைத் தழுவிப் பற்றுவான். அப்பிடியில் உடலைத் தாங்கிக்கொண்டு, இரு கால்களையும் ஒருங்கே மேலே இழுத்து ஊன்றுவான். பின்பு கால்களில் நின்று, கைகளை மேலே கொண்டு செல்வான். கையும் காலும் ஒரே வேளையில் மரத்தை விடுவதில்லை. இதுவே இக்கலையின் முதல் விதி. இடுப்பிலே கத்திக்கூடும் முட்டியும் தொங்கும். சீவும் கத்தி மயிரிழைபோற் கூர்மையானதாகையால், ஏறும்போதும் இறங்கும்போதும் அது கூட்டினுள்ளேயே இருத்தல் வேண்டும்.

வட்டை அடைந்தவுடன் அபாயம் நீங்கிவிட்டதென்று எண்ணற்க. மரத்தைத் தழுவிய கைகள் மட்டைக்கு மாறும் கணமே மிகுந்த விழிப்பை வேண்டுவது. மட்டையின் கருக்கு கையைக் கிழிக்கும். காய்ந்த மட்டை பிடித்தவுடன் கழன்று வரும். பச்சை மட்டையை மாத்திரம் பற்றுதல் அனுபவசாலிகளின் வழக்கம். காவோலைகளை வெட்டாது விட்டால் அவை வட்டின் கீழே அடர்ந்து தொங்கும். கலிபோர்னியாவிலே விசிறிப்பனைகளின் அடியிலிருந்து இத்தகைய காய்ந்த ஓலைகளை அகற்றியவர்கள், அவை மொத்தமாகச் சரிந்து மேலே விழுந்தமையால் மூச்சுத் திணறி இறந்ததுண்டு. ஆதலால் அங்கு, ஓலைத் தொகுதியின் கீழே நின்று வெட்டுதல் ஆகாது என்பது பயிற்சியின் பாடமாகியுள்ளது.

ஆணிபோன்ற இரும்பு முட்களைக் காலிற் கட்டி மரத்திற் குத்தி ஏறினால் எளிதாகாதோ என்று சிலர் வினவலாம். மேலைநாடுகளில் அத்தகைய கருவிகள் உள்ளன. ஆயினும், வெட்டி வீழ்த்தப்படும் மரத்திலன்றி, உயிரோடு நிலைக்க வேண்டிய மரத்தில் அவற்றைப் பயன்படுத்தலாகாது என்பது அந்நாட்டு மரத்தொழில் வல்லுநரின் கொள்கை. பனைக்கு இது இன்னும் பொருந்தும். மா, வேம்பு முதலியவற்றின் பட்டைக்குக் கீழே வளர்படை ஒன்று உளது. காயத்தை அது காலப்போக்கில் மூடிவிடும். பனைக்கு அந்தப் படை இல்லை. அதன் தண்டிற் பட்ட காயம் என்றும் மூடுவதில்லை. தளைநாரோ மரத்தை நோவச் செய்யாத கருவி.

தென்னிலங்கையிலே களுத்துறைக் கரையோரத்துத் தென்னந்தோப்புகளில் வேறொரு முறையைக் காணலாம். மரத்துக்கு மரம் தடித்த தும்புக் கயிறுகளைக் கட்டி, கீழ்க்கயிற்றில் நடந்து, மேற்கயிற்றைக் கையாற் பற்றி, கள் இறக்குவோர் வானத்திலேயே உலாவுகின்றனர். ஒரு மரத்தில் ஏறிப் பல மரங்களைப் பார்த்து வரலாம், உழைப்பு மிச்சமாகிறது. கயிறு இற்றுவிட்டால் உயிரும் போகிறது.

உழைப்பின் அளவை எண்ணிப் பாருங்கள். ஐம்பது அடி உயரமான பன்னிரண்டு பனைகளில் ஒருவன் காலையும் மாலையும் ஏறுவதாகக் கொள்வோம். ஒரு நாளில் அவன் 1,200 அடி ஏறி, 1,200 அடி இறங்குகிறான். சிகிரியாக் குன்று சுற்றுப்புற நிலத்திலிருந்து ஏறத்தாழ 600 அடி உயரமுடையது. படியும் பிடியும் இன்றி அதில் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்குவதற்கு இது ஒப்பாகும். நாம் விரும்பி உண்ணும் பனங்கட்டியின் இனிமைக்குப் பின்னே இவ்வளவு வியர்வை உண்டு.

என் மாணவன் ஒருவனது நினைவு வருகின்றது. பள்ளிப் படிவத்திலே தந்தையின் தொழில் என்ற இடத்தை அவன் வெறுமையாக விட்டிருந்தான். காரணம் கேட்டபோது தலைகுனிந்து நின்றான். அவன் தந்தை பனையேறுபவர். அத்தொழிலில் இழிவு ஒன்றுமில்லை. அதைச் செய்தவரைச் சாதியின் பெயரால் ஒதுக்கி வைத்த சமூகத்துக்கே அந்த இழிவு உரியது. அச்சிறுவனின் தலையைக் குனியச் செய்தவர்கள் நாமே. இத்தொழிலைப் பிள்ளைகள் விட்டு விலகுகின்றனர் என்று வருந்துவோர், அவர்கள் விலகுவதற்கு அச்சமும் அவமானமும் காரணங்களல்லவா என்பதையும் சிந்தித்தல் வேண்டும். 1978 ஆம் ஆண்டில் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. மரத்தின் அபிவிருத்தி, ஏறுபவனின் அபிவிருத்தி இன்றி நிறைவு பெறாது.

கேரளத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்பவர் ஆக்கிய தென்னையேறும் பொறி, நின்றபடியே காலால் மிதித்து ஏற உதவுகிறது. அம்மாநிலத்தில் 2011 ஆம் ஆண்டு தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் வழியாக, பரம்பரைத் தொழிலாளர் அல்லாத இளைஞரும் பெண்களும் அத்தொழிலைக் கற்றனர். ஆயினும், மரத்துக்கு மரம் பொறியைக் கழற்றி மாட்டுதல் காலத்தை விழுங்கும். எனவே தளைநாரைக் கைவிடாமலே, அதனோடு பாதுகாப்புப் பட்டி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுதல் நன்று. அப்பட்டி உடலைத் தாங்குவதாகவும், பாரம் பட்டவுடன் மரத்தைச் சுருக்குப்போல இறுகப் பிடிப்பதாகவும் இருத்தல் வேண்டும். தளர்ந்த கயிறு ஏறுபவனோடு சேர்ந்தே வழுக்கி இறங்கிவிடும். நாளும் ஏறுமுன் தளைநாரின் முடிச்சையும் இழைகளையும் சோதித்தல், மழையில் நனைந்த மரத்தைத் தவிர்த்தல், தனியே சென்று ஏறாதிருத்தல் ஆகியன செலவின்றிக் கைக்கொள்ளக் கூடியவை.

மரம் ஏறுபவனைக் கைக்கு எட்டிய மட்டுமே தாங்கலாம் என்பது நம் பழமொழி. கை எட்டாத உயரத்திலும் ஒருவனைத் தாங்குவதற்கு வழிகள் உள்ளன. நல்ல பட்டி ஒன்று தாங்கும். விபத்துக் காப்புறுதி குடும்பத்தைத் தாங்கும். மதிப்போடு பார்க்கும் அயலவரின் கண் அவன் மனத்தைத் தாங்கும். நாளை காலை அத்தட்டொலி கேட்கும்போது, நேயர்களே, ஒருமுறை தலை நிமிர்ந்து பாருங்கள்.