நீளம் கூடினால் வேகம் குறைவதேன்?

இரணியலிலிருந்து நாகர்கோவிலுக்கு மழையில் செல்லும் ஒரு புதிய பேருந்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க, சக்கரம் வழுக்கத் தொடங்குகிறது. பிரேக்கைக் கவனிக்கும் மின்னணுப் பெட்டி இதை எஞ்சினைக் கவனிக்கும் பெட்டிக்குக் கணப்பொழுதில் தெரிவித்தாக வேண்டும். இத்தகைய பெட்டிகள் பலவும் முறுக்கிய இரண்டே கம்பிகளில்தான் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட இம்முறைக்குக் 'கேன்' என்று பெயர்.

இரண்டு பெட்டிகள் ஒருங்கே பேசத் தொடங்கினால்? இங்கேதான் வேடிக்கை. செய்திகள் 0, 1 என்னும் துடிப்புகளாகச் செல்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு 'பிட்'. கம்பியில் 0 வந்தால் அது 1-ஐ அமுக்கிவிடும். ஒவ்வொரு பெட்டியும், தான் பேசும்போதே கம்பியைக் கேட்டுக்கொண்டும் இருக்கும். 1 அனுப்பிய பெட்டி 0 என்று கேட்டால், தன்னைவிட அவசரமான செய்தி வருகிறதென்று வாயை மூடிக்கொள்ளும். அவசரச் செய்திகளின் அடையாள எண் 0-க்களோடு தொடங்குமாறு முன்பே அமைத்துவிடுவார்கள். பிரேக் செய்திக்கு வழி கிடைப்பது இப்படித்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு முனையில் புறப்பட்ட பிட் மறு முனையை அடைந்து, அங்கிருந்து எதிர்ப்பு திரும்பி வரும்வரை அந்தப் பிட் முடிந்துவிடக் கூடாது. கம்பியில் குறிகை ஒரு மீட்டர் செல்ல ஏறக்குறைய 5 நானோவினாடி ஆகும். 40 மீட்டர் போய்வர 400. பெட்டிகளுக்குள் ஏற்படும் தாமதத்தையும் சேர்த்தால், 1000 நானோவினாடி நீடிக்கும் பிட்டில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆகவே வினாடிக்கு 10 லட்சம் பிட் அனுப்ப 40 மீட்டரே எல்லை. 500 மீட்டருக்கு 1,25,000 பிட். ஒரு கிலோமீட்டருக்கு வெறும் 50,000. நீளத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள், விடை பெரிதாக மாறாது.

"தடித்த கம்பி போட்டால் என்ன சார்?" என்று வகுப்பில் யாராவது கேட்பதுண்டு. தங்கக் கம்பியே போட்டாலும் பயனில்லை! இங்கே தடையாக நிற்பது கம்பியின் மின்தடை அன்று, பயண நேரம். பேருந்தின் நீளம் 12 மீட்டர் அளவே. ஆயினும் பேருந்து, லாரிகளில் 2,50,000 பிட் வேகமே நெடுநாள் வழக்கம். அவசரத்தில் கொஞ்சம் கையிருப்பு இருப்பது நல்லதுதானே!

சரி, ரயில் போன்ற நீண்ட வண்டிக்கு? ரயில்களுக்கென 1999-இல் வகுத்த பன்னாட்டுத் தரம் ஒன்றில், 860 மீட்டர் கம்பியில் வினாடிக்கு 10 லட்சம் பிட் செல்கிறது. அங்கே குறிகை விரைந்து ஓடிவிடவில்லை. ஒரு தலைமைப் பெட்டி, "இப்போது நீ பேசு" என்று ஒவ்வொன்றாக அழைக்கிறது. போட்டியே இல்லாததால், பிட் முடிவதற்குள் எதிர்ப்பு திரும்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் அழைப்புச் சுற்று ஒன்றுக்கு 25 மில்லிவினாடி ஆகும். எத்தனை அவசரச் செய்தியானாலும் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.