மதுரைச் சௌராட்டிரர்களின் மொழி, பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு: வீடும் நிறுவனமும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழகத்தில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் மொழிச் சிறுபான்மையினருள் சௌராட்டிரர் குறிப்பிடத்தக்கவர். இவர்களுடைய மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சார்ந்தது. வாழிடமோ முழுவதும் தமிழ்ச்சூழல். கோயில், சபை, கல்விக்கூடம் ஆகிய நிறுவனங்களின் துணையால் இச்சமூகம் தன் அடையாளத்தைக் காத்துக்கொண்டது. மொழியை மட்டும் நிறுவனங்கள் காக்கவில்லை. தறி இயங்கிய வீடே காத்தது. அவ்வீட்டுச் சூழல் மாறிவரும் இக்காலத்தில் மொழிப் பாதுகாப்பு எதனைச் சார்ந்திருத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சௌராட்டிரம், மொழிச் சிறுபான்மை, நெசவு, சுங்குடி, எழுத்துமுறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, மதுரை.

முன்னுரை

பெரும்பான்மை மொழியின் நடுவே வாழும் ஒரு சிறு சமூகம் தன் மொழியை எவ்வாறு தக்கவைத்துக்கொள்கிறது என்பது சமூக மொழியியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. ஐரோப்பாவில் கார்ப்பாத்திய மலைப்பகுதியில் வாழ்ந்த லெம்கோ மக்களை இதற்குச் சான்றாகக் காட்டுவர். 1947ஆம் ஆண்டு போலந்து அரசு மேற்கொண்ட 'விஸ்துலா நடவடிக்கை'யின்போது அம்மக்கள் தம் சிற்றூர்களிலிருந்து வெளியேற்றப்பட்டு, நாட்டின் மேற்கு, வடக்குப் பகுதிகளில் சிதறடிக்கப்பட்டனர். மதுரைச் சௌராட்டிரர் வரலாற்றில் இத்தகைய வன்முறை வெளியேற்றம் அண்மைக்காலத்தில் நிகழவில்லை. இவர்கள் தமிழ்ச் சமூகத்தோடு இணைந்து, அதன் வணிகத்திலும் கலையிலும் அரசியலிலும் பங்கேற்றே வாழ்ந்துள்ளனர். எனினும், மொழி அடுத்த தலைமுறைக்குச் சென்று சேருமா என்ற வினா இரு சமூகத்தாருக்கும் பொதுவாக உள்ளது. வலிந்த சிதறலால் எழுந்த வினா அங்கே. வாழ்க்கைமுறை மாற்றத்தால் எழுந்த வினா இங்கே.

இடப்பெயர்வும் குடியேற்றமும்

சௌராட்டிரர் குசராத்துப் பகுதியிலிருந்து தெற்கே வந்தவர் என்பது அவர்தம் மரபு. கசினி முகமதின் சோமநாதபுரப் படையெடுப்பை (1025-26) ஒட்டிப் புறப்பட்டுத் தேவகிரி யாதவர் நாட்டிலும், பின்னர் விசயநகரப் பேரரசிலும் தங்கி, நாயக்கர் காலத்தில் மதுரையை அடைந்தனர் என்று அம்மரபு கூறும். திருமணத்தின்போது இரு வீட்டாரும் நிகழ்த்தும் மரபுவழி உரையாடலிலும் இவ்விடப்பெயர்வின் நினைவு பொதிந்திருப்பதாக ஆய்வாளர் சுட்டுவர். குப்தர் காலத்து மந்தசோர்க் கல்வெட்டு, லாட நாட்டிலிருந்து தசபுரத்திற்குக் குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழுவொன்று சூரியனுக்குக் கோயில் எடுத்ததையும், அதனைப் பின்னர்ப் பழுதுபார்த்ததையும் கூறுகிறது. அக்குழுவினரைத் தென்னகச் சௌராட்டிரரின் முன்னோராகக் கருதுவோர் உளர். இது நேரடிச் சான்றால் நிறுவப்பட்டதன்று. தொழில் ஒப்புமையின் அடிப்படையில் எழுந்த கருத்து.

மதுரையில் இவர்கள் திருமலை நாயக்கர் மகாலைச் சூழ்ந்த தெருக்களில் நெருங்கிக் குடியேறினர். பட்டு நூலோடு தொடர்புடைய தொழிலால் பிறர் இவர்களைப் 'பட்டுநூல்காரர்' என அழைத்தனர். இராணி மங்கம்மாள் ஆட்சியில், உபாகர்மச் சடங்கு செய்யும் உரிமை இவர்களுக்கு உண்டா என்ற வழக்கு எழுந்தது. அறிஞர் அவையின் கருத்தைக் கேட்டபின் அவ்வுரிமையை ஏற்று 1705இல் ஓலை வழங்கப்பட்டது. தம் அடையாளத்தை ஆவணத்தின் வழியாகவும் பொது அமைப்பின் வழியாகவும் நிலைநாட்டும் போக்கு இச்சமூகத்தில் முன்பே வேரூன்றியிருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நிறுவனங்கள் காத்தவை

1895இல் தோன்றிய மதுரைச் சௌராட்டிர சபை இப்போக்கின் நவீன வடிவம் எனலாம். தெற்குக் கிருஷ்ணன் கோயில் என வழங்கும் பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் கோயிலும், சௌராட்டிரர் பெயரால் அமைந்த பள்ளிகளும் கல்லூரியும் சமூகத்தை ஒருங்கிணைத்தன. இவற்றால் விளைந்த நன்மை ஒரு சமூகத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு வாலாசாப்பேட்டைச் சுவடிகள் தக்க சான்று. தியாகராசரின் மாணவரான வாலாசாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் (1781-1874) சௌராட்டிரர். அவரும் அவருடைய மகனும் எழுதிவைத்த சுவடிகள் மதுரைச் சௌராட்டிர சபையின் பாதுகாப்பில் இருந்துவருகின்றன. தியாகராசர் கீர்த்தனைகளின் பாட ஆய்வுக்கு இவை முதன்மை ஆதாரங்களுள் அடங்கும். தெலுங்கில் இயற்றப்பட்டுத் தமிழகம் முழுதும் பாடப்படும் இசைச் செல்வத்தை ஒரு சிறுபான்மைச் சமூகத்தின் சபை காத்துள்ளமை குறிப்பிடத்தக்கது.

பக்தி இலக்கியமும் இவ்வாறே நிலைபெற்றது. வேங்கடசூரி சுவாமிகள் சௌராட்டிர மொழியில் இராமாயணத்தை இசைப்பாடல்களாக இயற்றினார். நடனகோபால நாயகி சுவாமிகள் (1843-1914) திருமாலைத் தலைவனாகவும் தம்மை நாயகியாகவும் பாவித்துச் சௌராட்டிரத்திலும் தமிழிலும் பாடினார். ஆழ்வார்களின் நாயகி பாவம் வேறொரு மொழியில் தொடர்ந்த நிலையை இப்பாடல்களிற் காணலாம். இன்றும் பசனைகளில் இவை பாடப்படுகின்றன. பொருள் முழுதும் விளங்காத இளையோரும் பாடலை மனப்பாடமாக அறிந்திருத்தல் கூடும். எனவே பாடல் நிலைத்திருப்பதை மொழி நிலைத்திருப்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

தறியும் மொழியும்

சௌராட்டிர மொழியின் நீடிப்புக்குக் காரணமாக அமைந்தது தொழிற்களமே. கைத்தறி நெசவு வீட்டிலேயே நடைபெற்ற தொழில். நூலைச் சுற்றுதல், பாவு ஓட்டுதல், தார் சுற்றுதல், சாயமிடுதல், நெய்தல் எனப் பல நிலைகளில் குடும்பத்தினர் அனைவரும் பங்கேற்றனர். முதியோர், பெண்டிர், சிறுவர் என மூன்று தலைமுறையினர் நாள் முழுதும் ஒரே கூரையின்கீழ் உழைத்தபோது, தொழிலின் மொழியும் வீட்டின் மொழியும் ஒன்றாயின. தெருவைக் கடந்தால் தமிழ், திண்ணையைத் தாண்டி உள்ளே வந்தால் சௌராட்டிரம் என்ற பகுப்பு இயல்பாக நிலவியது. பள்ளியில் பயிலாத மொழி பல நூற்றாண்டுகள் வாழ்ந்ததற்கு இதுவே விளக்கம்.

சுங்குடிச் சேலை இதனைத் தெளிவாக்கும். துணியில் சிறுசிறு புள்ளிகளாகக் கிள்ளியெடுத்து நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்ப்பர். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் வட்டப் புள்ளியாகத் தெரியும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சிட வேண்டியிருந்த இவ்வேலையைச் சௌராட்டிரப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே கூடிப் பேசிக்கொண்டு செய்தனர். மதுரைச் சுங்குடி 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் அச்சிட்ட சேலைகளும் மெழுகு அச்சுச் சேலைகளும் சுங்குடி என்ற பெயரிலேயே சந்தையை நிறைத்தபின், கையால் முடிச்சிடுவோர் அருகினர். சட்டம் பெயரைக் காத்தது. பெயரைத் தாங்கிய கைவினை சுருங்கியது. கைவினையோடு, அது நிகழ்ந்தபோது பெண்களிடையே புழங்கிய பேச்சுச் சூழலும் சுருங்கியது.

விசைத்தறியின் வரவு, கூலிக் குறைவு, கல்வியால் கிடைத்த பிற வேலைவாய்ப்பு ஆகியவற்றால் தறி பல வீடுகளை விட்டு நீங்கியது. இம்மாற்றத்தை இழப்பாக மட்டும் நோக்குதல் நேர்மையன்று. தறிக்குழியில் கழிந்த வாழ்வின் வறுமையை, கும்பகோணத்துச் சௌராட்டிரரான எம். வி. வெங்கட்ராம் 'வேள்வித் தீ' புதினத்தில் சித்திரித்துள்ளார். அவர் தம் 'காதுகள்' புதினத்திற்காக 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நெசவாளர் வாழ்வைத் தாய்மொழியில் எழுதாது தமிழில் எழுதி அவர் புகழ்பெற்றமை, இச்சமூகத்தில் இரு மொழிகளுக்கு இருந்த பணிப்பகிர்வை உணர்த்துகிறது. எழுத்துக்குத் தமிழ், பேச்சுக்குச் சௌராட்டிரம் என்பதே அப்பகிர்வு.

குடியிருப்பு மாற்றமும் இதனோடு இணைந்தது. பழைய நகரின் நெருக்கமான தெருக்களில் அண்டைவீட்டாரும் தாய்மொழியினராக இருந்தனர். நகரம் விரிந்தபோது குடும்பங்கள் புறநகர்களுக்குச் சென்றன. வைகையின் வடபால் திண்டுக்கல் சாலையில் அமைந்து, 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட விளாங்குடி போன்ற பகுதிகளில் பல சமூகத்தினரும் கலந்து வாழ்கின்றனர். அங்குக் குடியேறும் சிறுபான்மைக் குடும்பத்தின் குழந்தைக்கு விளையாட்டின் மொழியும் பள்ளியின் மொழியும் தமிழோ ஆங்கிலமோ ஆகின்றன. தெரு தந்த துணை நீங்கிய நிலையில், முழுச்சுமையும் பெற்றோர் இருவர் மேல் விழுகிறது.

எழுத்துமுறைச் சிக்கல்

பேச்சுச்சூழல் சுருங்கும்போது எழுத்து துணைநிற்றல் வேண்டும். இங்குதான் சௌராட்டிரம் நெடுங்காலச் சிக்கலைச் சந்திக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டி. எம். இராமராய் சௌராட்டிரத் தனியெழுத்துக்கு அச்சுருக்கள் வார்ப்பித்துப் பாடநூல்கள் வெளியிட்டார். 1920இல் தேவநாகரியை ஏற்கலாம் என்ற தீர்மானம் சமூக மாநாட்டில் நிறைவேறியது. நடைமுறையில் மிகுதியும் கையாளப்பட்டதோ தமிழ் எழுத்து. தனியெழுத்து, தேவநாகரி, தமிழ், அண்மைக்காலத்தில் உரோமானியம் என நான்கு முறைகள் நிலவுவதால், ஒரு முறையில் அச்சான நூல் பிற முறையினருக்கு எட்டாமற் போகிறது. பேசுவோரே சில இலட்சத்தினராயின், படிப்போர் மேலும் நான்காகப் பிரிகின்றனர்.

ஒவ்வொரு முறைக்கும் காரணம் உண்டு. சௌராட்டிரத்தில் வல்லின ஒலிகள் ஒலிப்புடையன, மூச்சொலி உடையன என வேறுபடும். வீட்டைக் குறிக்கும் சொல்லைத் தமிழெழுத்தில் 'கே4ர்' என எண் சேர்த்து எழுதுவர்; 4 என்பது வருக்க எழுத்துகளுள் நான்காம் ஒலியைக் காட்டும். மெல்லின, இடையின ஒலிகளோடு மூச்சொலி சேர்வதும் இம்மொழியின் சிறப்பு. தனியெழுத்தில் இதற்கென 'ஹாரு' என்னும் குறி உண்டு. தமிழெழுத்தில் முக்காற்புள்ளியால் காட்டுவர். 2008இல் ஒருங்குறியின் 5.1 பதிப்பில் சௌராட்டிர எழுத்து இடம்பெற்றதால் கணினியிலும் கைப்பேசியிலும் அதனைக் கையாள வழி பிறந்தது. ஒலியைத் துல்லியமாகக் காட்டுவது தனியெழுத்தின் வலிமை. கற்றோர் மிகச் சிலர் என்பது அதன் குறை. தமிழெழுத்தின் வலிமை, குழந்தை அதனை முன்பே அறிந்திருப்பது. எனவே தொடக்கக் கற்றலுக்குத் தமிழெழுத்தையும், மரபறிவுக்குத் தனியெழுத்தையும் அடுத்தடுத்த படிகளாகக் கொள்வது பயன்தரும். இரண்டையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்துவதால் மொழிக்கு ஆக்கம் இல்லை.

எண்ணிக்கை உணர்த்துவது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராட்டிரத்தைத் தாய்மொழியாகப் பதிந்தோர் 1991இல் 2,20,126 பேர். 2001இல் 1,85,420 பேர். 2011இல் 2,47,702 பேர். பத்தாண்டில் ஏறத்தாழ 35,000 குறைந்து, அடுத்த பத்தாண்டில் 62,000க்கு மேல் கூடியது பிறப்பு இறப்பால் விளைந்ததாகாது. தாய்மொழி எது எனக் கேட்கும்போது மக்கள் அளிக்கும் விடை மாறியிருத்தலே பொருத்தமான விளக்கம். போலந்தில் 2002 கணக்கெடுப்பில் தம்மை லெம்கோ எனக் கூறியோர் 6,000க்கும் குறைவு. இரு அடையாளங்களைக் குறிப்பிட இடமளித்த 2011இல் அது 10,000ஐக் கடந்தது. ஆகவே எண்ணிக்கை அடையாள உணர்வை அளக்கிறது; வீட்டில் குழந்தையோடு எம்மொழி பேசப்படுகிறது என்பதை அளப்பதில்லை. பாதுகாப்புத் திட்டங்களுக்குப் பின்னதே இன்றியமையாதது.

சட்டநிலையும் கல்விநிலையும்

இந்திய அரசியலமைப்பின் 29ஆம் உறுப்பு தனிமொழி, எழுத்து, பண்பாடு உடையோர் அவற்றைக் காக்கும் உரிமையை உறுதிசெய்கிறது. 30ஆம் உறுப்பு சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையையும், 350அ உறுப்பு தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கான வசதியையும் கூறுகின்றன. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் சௌராட்டிரம் இல்லை. சௌராட்டிரர் இவ்வுரிமைகளுள் பள்ளி நடத்தும் உரிமையை நன்கு பயன்கொண்டனர். பள்ளிக்குள் மொழியைக் கற்பிக்கும் வாய்ப்பு அந்த அளவிற்கு வளரவில்லை. பல்கலைக்கழகம் செய்யக்கூடியதற்குப் போலந்து முன்மாதிரி தருகிறது. கிராக்கோவ் கல்வியியல் உயர்கல்வி நிறுவனம் 2001இல் உருசிய மொழிப் படிப்போடு லெம்கோ மொழியையும் இணைத்துக் கற்பிக்கத் தொடங்கியது. அதனால் பள்ளிக்கு வேண்டிய ஆசிரியர் உருவாக வழி ஏற்பட்டது.

முடிவுரை

சௌராட்டிரரின் கோயில், சபை, கல்விக்கூடம் ஆகியவை சமூகத்தையும் அதன் சுவடிகளையும் காத்தன. மொழியைக் காத்தது தறி இயங்கிய வீடும் அதனைச் சூழ்ந்த தெருவும். அவ்விரண்டும் மாறிய இன்று, வீடு செய்த பணியின் ஒரு பகுதியை நிறுவனங்கள் ஏற்றாலன்றி மொழி பாடலிலும் சடங்கிலும் மட்டும் எஞ்சும்.

நெசவுத் தொழிற்சொற்களையும் முதியோர் பேச்சையும் ஒலிப்பதிவு செய்தல் உடனடிப் பணி. தறியில் அமர்ந்து வளர்ந்த தலைமுறை மறையுமுன் அது நிறைவேற வேண்டும். எழுத்துமுறைகளைப் படிநிலையாக இணைத்த தொடக்கப் பாடநூல் அடுத்தது. தமிழ்த்துறைகளுக்கும் இதில் பங்குண்டு. தமிழோடு பல நூற்றாண்டுகள் கலந்து வாழ்ந்த சௌராட்டிரம், தமிழின் பேச்சு வழக்கையும் தொடரமைப்புத் தாக்கத்தையும் தன்னுள் தாங்கியுள்ளது. அதனை ஆராய்தல் தமிழின் வரலாற்றை ஆராய்தலும் ஆகும்.