சாவி திரும்பாத கார்

சில ஆண்டுகளுக்கு முன், தைப்பூசத்தன்று, செபராங் பிறையிலுள்ள எங்கள் தோட்டத்திலிருந்து பினாங்குத் தண்ணீர்மலைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். என் கார் 1970களில் செய்த பழைய கார். முன்சக்கரம் சாலையோரக் கல்லில் முட்டும்படி அதை நிறுத்தியிருந்தேன். இரவு திரும்பி வந்து சாவியைப் போட்டால், அசையவே இல்லை. மைத்துனர் பலமாகத் திருகினார். பாதிச் சாவி அவர் கையில், மீதி பூட்டுக்குள்! பிள்ளைகளோடு விடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அன்று கற்ற பாடத்தைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

சாவித் துளைக்குப் பின்னால் மூன்று உறுப்புகள் இருக்கின்றன. சாவி நுழையும் பூட்டு உருளை ஒன்று. ஸ்டீரிங் தண்டைப் பிடிக்கும் தாழ் மற்றொன்று. மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் மூன்றாவது. திருட்டைத் தடுக்க, மேற்கு ஜெர்மனி 1961ஆம் ஆண்டிலேயே புதிய கார்களுக்கு ஸ்டீரிங் பூட்டைக் கட்டாயமாக்கியது.

சாவியை உருவியதும் ஸ்பிரிங் அந்தத் தாழை முன்னே தள்ளும். அது தண்டிலுள்ள பள்ளத்தில் விழுந்ததும் ஸ்டீரிங் நின்றுவிடும். கல்லில் முட்டிய சக்கரம் தண்டை ஒரு பக்கம் நெருக்கினால், தாழ் இறுகிக்கொள்ளும். வீங்கிய கதவைச் சற்றே தள்ளிப் பிடித்துக்கொண்டு தாழ்ப்பாளை இழுக்கிறோம் அல்லவா? அதே முறைதான். ஒரு கையால் ஸ்டீரிங்கை இருபுறமும் அசைத்துக்கொண்டே, மறு கையால் சாவியை இலேசாகத் திருப்புங்கள். பலம் வேண்டாம்.

அப்படியும் திரும்பவில்லையா? மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். உருளைக்குள் மெல்லிய தகடுகள் உண்டு. சாவியின் பற்கள் அவற்றைச் சமமாக நிறுத்தினால்தான் உருளை சுழலும். தேய்ந்த சாவியால் அது முடியாது. தேய்ந்ததைப் பார்த்து வெட்டிய புதுச் சாவியும் தேய்ந்த சாவியே! தோட்டத்துச் செம்மண் புழுதியும் கடற்காற்றும் தகடுகளை இறுக்கும். அதற்குக் கிராஃபைட் தூள் சிறிது போதும். தேங்காய் எண்ணெய் ஊற்றினால் புழுதி ஒட்டிப் பசையாகிவிடும்.

சாவி நன்றாகத் திரும்பியும் எஞ்சின் சுழலவில்லை என்றால், முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள், பிறகுதான் சுவிட்ச். சுவிட்சைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனை ஒயரை எடுத்துவிட வேண்டும்.

முக்கியமான செய்தி இது. பல கார்களில், சாவியைப் பாதி திருப்பி, ஒரு சிறு துளையில் கம்பியால் அழுத்தினால் உருளை தானே வெளிவரும். சாவி திரும்பும்வரை இது சின்ன வேலை. அடியோடு இறுகிய பிறகோ, துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். பூட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளின் தலை, பொருத்தும்போதே முறிந்துவிடும்படி செய்யப்பட்டவை. ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது.

இன்னொன்று: ஓடும் வண்டியில் ஒருபோதும் சாவியை உருவாதீர்கள். வளைவில் ஸ்டீரிங் பூட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. தாழ் சரியாகப் பின்வாங்காத வண்டியையும் ஓட்டாதீர்கள்.

சாவி முதல்முறை தயங்கும்போதே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். நாங்கள் பல மாதம் அந்தத் தயக்கத்தைப் பார்த்தும் சும்மா இருந்தோம். அதன் பலனைத் தைப்பூசத்தன்று அனுபவித்தோம்.